ப்ரேக் இல்லாத வேலை

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் எழுதுவது இது. நம் பள்ளிக்கூட மலரில் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுகிறார்கள். கோவில்பட்டியில் ரயிலேறி புனேயில் இறங்கியவன் அவர்கள் நடுவில் என்ன எழுதிவிட முடியும்? நான் கடல் தாண்டவில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. மலர்க் குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் சண்முகவேல் போனில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன்.

"ஏல, ஒனக்குப் பாஸ்போர்ட் இல்லாட்டி என்ன? ஒம் மக தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சரா இருக்காள்லா. அத எழுது. ஒன்னப் பத்தி இங்க யாரு கேட்டா?" என்றான்.

நியாயமான பேச்சு. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லவே எனக்குக் கூச்சம். பக்கத்தில் இருக்கும் சண்முகவேல்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வான். இப்போதும் அவன் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பெண்கள் ஆங்கில ஆசிரியராக வெளிநாடு போவது எப்படி, விசா எத்தனை நாள், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று பயன்படுகிற மாதிரி எழுதத்தான் நினைத்தேன். போன வியாழக்கிழமை நடந்ததற்குப் பிறகு அப்படி எழுத வரவில்லை. அதனால் இதில் பயனும் பெருமையும் குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

2

நாங்கள் இருப்பது நிக்டி. ஊரில் புனே என்று சொல்லிக்கொள்கிறோம். புனேக்காரர்கள் இதைப் புனே என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கும் பகுதி. நான் இங்கே வந்தது வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்கு. தகட்டை இயந்திரத்தில் வைத்து அழுத்தி எடுக்கிற வேலை. கம்பெனி வேலை என்றுதான் ஊரில் சொன்னேன். உண்மையில் நான் கான்ட்ராக்டரின் ஆள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் விடாமல் இத்தனை காலம் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். அந்தக் காலம் நிறைவதற்குக் கொஞ்சம் முன்பே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எப்போதாவது கூப்பிடுவார்கள். புது டோக்கன் நம்பர் கொடுப்பார்கள். அன்றுதான் முதன்முதலாக வாசலை மிதிக்கிறவன் மாதிரி எல்லாம் ஆரம்பத்திலிருந்து. இதற்குப் பெயர் ப்ரேக்.

சூப்பர்வைசர் மராட்டிக்காரர், நல்ல மனிதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து தோளில் கை வைப்பார். "அண்ணா, உத்யா பாசூன் ப்ரேக்" என்பார். நாளையிலிருந்து ப்ரேக். தெற்கிலிருந்து வந்தவன் எவனாக இருந்தாலும் இங்கே அண்ணாதான். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

ப்ரேக் வந்தால் என் மனைவி மாரி இட்லி மாவு ஆட்டுவாள். நான் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவேன். மாரிக்கு அந்த நாட்களில் முகமே சரியாக இருக்காது. வீட்டில் ப்ரேக்கை விரும்பிய ஒரே ஆள் எங்கள் மகள் சுகன்யா. அப்போது அவள் சின்னப் பிள்ளை. மற்ற நாட்களில் அவள் தூங்கும்போது போய், தூங்கிய பிறகு வருகிறவன் நான். ப்ரேக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட நான், கூட்டிவர நான். வழியில் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்துகொண்டு போர்டுகளை எல்லாம் சத்தமாகப் படிப்பாள். ஆங்கிலம், மராட்டி, இந்தி. தமிழில்தான் போர்டு கிடையாதே.

ஒருமுறை கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் டிபன் பாக்ஸோடு இறங்கும்போது மாடிப்படியில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பப்பா, அடுத்த ப்ரேக் எப்போ?" என்று கேட்டாள்.

"வாயக் கழுவுட்டி, சவமே" என்று மாரி முதுகில் ஒன்று வைத்தாள்.

ஒரே ஒரு தடவை கம்பெனி கொஞ்சம் பேரை நிரந்தரம் செய்தது. அந்த வாரம் வேலையில் இருந்தவர்களிலிருந்து எடுத்தார்கள். நான் ப்ரேக்கில் இருந்தேன். மாவு கொண்டு போகிற வழியில், என் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் கூப்பிட்டு பேடா கொடுத்தார். சைக்கிளை நிறுத்தி வாங்கித் தின்றேன். நல்ல பேடாதான். இப்போது யார் பேடா கொடுத்தாலும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அந்தக் கம்பெனியும் போய், இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். அதுவும் ஏஜென்சி மூலம்தான். பதினோரு மாத ஒப்பந்தம்.

3

சுகன்யாவுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. பி.ஏ., பி.எட். முடித்து இங்கே ஒரு தனியார் பள்ளியில் இருந்தாள். பிறகு ஒரு ஏஜென்சி மூலமாகத் தாய்லாந்து போனாள். பாங்காக் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் வெகுநேரம் போக வேண்டிய ஒரு ஊர். அங்கே பிள்ளைகள் ஆசிரியரைச் செல்லப் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். சுகன்யா வாயில் நுழையாததால் "டீச்சர் சுகி" ஆனாள். சுகி என்பது அந்த ஊரில் காய்கறி, கறியெல்லாம் போட்டுக் கொதிக்க வைத்துச் சாப்பிடும் ஒரு சாப்பாட்டின் பெயராம். முதல் நாள் வகுப்பே உருண்டு சிரித்திருக்கிறது.

"நம்மூர்க் கணக்குல சொன்னா டீச்சர் சாம்பாரு" என்று மாரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆங்கிலேயர், அமெரிக்கக்காரர்களுக்கு ஒரு சம்பளம், மற்ற நாட்டுக்காரர்களுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். தாய்மொழி என்ன என்று கேட்ட இடத்தில் சுகன்யா தமிழ் என்று எழுதினாள். அதனால் அவள் இரண்டாம் வரிசை. இந்த மலரை அவள் கையில் கொடுத்தால் ஒரு வரி படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தை நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எந்த ஷிப்டில் சொல்லிக் கொடுக்க? படிக்கத் தெரியாத மொழிக்காகச் சம்பளம் குறைந்தவள் என் மகள்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் சில மாதங்களுக்கு மட்டும் விசா கொடுத்து உள்ளே விடுகிறார்கள். அங்கே போன பிறகு பள்ளிக்கூடம் வேலை அனுமதி வாங்கிக் கொடுத்து, விசாவை நீட்டிக்கிறது. எதுவரை? ஒப்பந்தம் முடிகிற தேதி வரை. பள்ளி மே மாதம் திறந்து மார்ச்சில் மூடும். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடியும். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடிந்தது. அதற்குமேல் அந்த மண்ணில் நிற்க முடியாது. திரும்பக் கூப்பிட்டால் இங்கிருந்து புது விசா வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வருடம் அவள் போனில் இதைச் சுற்றி வளைத்து ஆங்கிலமும் தமிழுமாக விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.

"ப்ரேக்கா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "ஆமா பப்பா. ப்ரேக்."

அப்படியாக வருடத்துக்கு ஒரு ஏப்ரல் எங்களுக்குக் கிடைத்தது. மார்ச் கடைசியில் வருவாள், மே தொடக்கத்தில் போவாள். அவள் வந்தால் வீடு பெரிதாகிவிடும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டே அறைதான்.

ஏப்ரலில் பாதி நாள் காகிதங்களுக்குப் போகும். பட்டச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் நன்னடத்தைச் சான்று. ஒரு வருடம் முகவரியைச் சரிபார்க்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். சுகன்யா பால் வாங்கப் போயிருந்தாள். சீருடையைப் பார்த்ததும் எனக்கு இருக்கிற கொஞ்ச மராட்டியும் போய்விட்டது. மகள் எங்கே என்று கேட்டார். போயிருக்கிறாள் என்பதற்கு "கேலி" என்று சொல்ல வேண்டும். நான் "மேலி" என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனாள் என்று அர்த்தம்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். செத்தவளுக்கு எதற்கு நன்னடத்தைச் சான்று என்று நினைத்திருப்பார். மாரி உள்ளேயிருந்து ஓடிவந்து, "கேலி, சாஹேப், கேலி! தூத் ஆணாய்லா கேலி!" என்று கத்தினாள். பால் வாங்கப் போயிருக்கிறாள் என்கிறாள். அந்த நேரம் சுகன்யா பால் பாக்கெட்டோடு படியேறி வந்தாள்.

"மேலேலி முலகி ஆலி!" என்று போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செத்த பெண் வந்துவிட்டாளே!

சுகன்யாவும் சிரித்தாள். மாரி மட்டும் அவர் போன பிறகு உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றிப் போட்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

4

போன ஏப்ரலில் வந்தபோது சுகன்யாவின் பேச்சு மாறியிருந்தது. அவள் தமிழ் எப்போதுமே திக்கித் திக்கித்தான் வரும். இது வேறு. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, கையால் காட்டி, பிறகு அதையே இன்னொரு தடவை சொல்வாள். "அம்மா. தண்ணி. குடிக்க. தண்ணி." தண்ணீர் குடிக்கிற மாதிரி கையை வேறு வாய்க்குக் கொண்டுபோனாள்.

மாரி கரண்டியும் கையுமாக நின்றாள். "ஏட்டி, நான் என்ன ஒங் கிளாஸ்ல மூக்கொழுகிக்கிட்டு நிக்க தாய்லாந்துப் பிள்ளையா?"

"சாரிம்மா. பழக்கம். அங்க எல்லார்ட்டயும் இப்படித்தான் பேசணும். இல்லன்னா புரியாது."

"எனக்குப் புரியாதுன்னு ஆயிருச்சா?"

சிரிப்பாகத்தான் கேட்டாள். சுகன்யா தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அந்தத் தடவை புது ஒப்பந்தம் வரத் தாமதமானது. ஏப்ரல் முடிந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. போனைக் கையிலேயே வைத்திருப்பாள். அது சத்தம் போட்டால் எடுக்கப் பயப்படுவாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாயோடு எழுந்துவிடுவாள். அந்த முகம் எனக்குத் தெரியும். மாவுச் சட்டியோடு திரிந்த நாட்களில் கண்ணாடியில் பார்த்த முகம்தான். என் மூக்கு அவளுக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த முகமும் வந்திருக்க வேண்டாம்.

கடைசியில் ஒப்பந்தம் வந்தது. புறப்படுகிற அன்று விமான நிலையத்துக்குப் போகிற ஆட்டோவில், வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாத நான் அவளுக்குப் புத்தி சொன்னேன்.

"அடுத்த தடவ வாயத் தெறந்து கேளும்மா. பன்னெண்டு மாசத்துக்கும் வேணும், ப்ரேக் இல்லாம வேணும்னு கேளு. நான் கேக்காம இருந்துட்டேன். நீ கேளு."

"கேட்டா கோபப்பட்டா?"

"படட்டும். கேளு."

ஆட்டோ சத்தத்தில் அவள் சரி என்றது எனக்குக் கேட்டது. மாரி மடியில் முறுக்கு டப்பாவை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதான்: என் மகளுக்கு ப்ரேக் இல்லாத வேலை கொடு.

5

போன வியாழக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுகன்யா வீடியோவில் கூப்பிட்டாள். பள்ளிக்கூட வராந்தாவில் நின்றிருந்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"பப்பா! நான் கேட்டேன்! பிரின்சிபால்ட்ட கேட்டேன். குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம், பப்பா. டூ இயர்ஸ். பன்னெண்டு மாசமும் சேலரி. நோ ப்ரேக்!"

எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மாரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அப்ப இந்த ஏப்ரல்ல என்னைக்கு வார?" என்று கேட்டாள்.

சுகன்யாவின் படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அவள் கண் இமைத்தது.

"ஏப்ரல்ல சம்மர் கோர்ஸ் இருக்கும்மா. நான்தான் எடுக்கணும். அதுக்குத்தான் பன்னெண்டு மாசம் குடுக்குறாங்க. விசா முடியறப்போ இங்கயே நீட்டிச்சுருவாங்க. நான் வெளிய வர வேண்டாம்."

"வர வேண்டாமா?"

"வர வேண்டிய அவசியம் இல்லம்மா. அக்டோபர்ல லீவு வரும். அப்பவும் கேம்ப் இருக்கு. பாக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "பப்பா, நேத்து பதில் சொல்லணும்" என்றாள்.

நாளைக்கு என்று சொல்ல வந்தவள் அவள். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இரண்டும் குழம்பும். பதற்றப்பட்டால் இன்னும் குழம்பும்.

"நீங்க வேணாம்னு சொன்னா நான் சைன் போட மாட்டேன். அந்த எடத்த வேற டீச்சருக்குக் குடுத்துருவாங்க. பழைய கான்ட்ராக்டும் அப்புறம் கிடைக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். ஆனா ஏப்ரல்ல வருவேன். நீங்க சொல்லுங்க பப்பா."

வகுப்பு முடிந்ததும் கூப்பிடச் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

"வேணாம்னு சொல்லுங்க" என்றாள் மாரி.

"ரெண்டு வருஷம் மாரி. கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள..."

"ஒங்களுக்கு மூடித் தெறக்கும். வாசல்ல நின்னு வார வண்டி போற வண்டிக்கு சலாம் போட்டா ஒங்களுக்குப் பொழுது போயிரும். எனக்கு வருசம்னா அந்த ஒரு மாசந்தான். மிச்சத்துக்குச் சும்மா காலண்டரக் கிழிச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"அவளுக்கு நிரந்தரமா ஒரு வேலை..."

"எது, ரெண்டு வருசத்துக்குப் பேரு நிரந்தரமா?"

அவள் விடவில்லை.

"ஆட்டோல வச்சு கேளு கேளுன்னு ஏத்திவிட்டது நீங்கதான. நான் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். அவளுக்கு ப்ரேக் கெடையாதுன்னா நமக்கு அவ கெடையாது. அது தெரியாமயா சொன்னீங்க?"

தெரியாமல்தான் சொன்னேன். இதை யார் நம்புவார்கள்? ப்ரேக் என்றால் கெட்டது என்று மட்டுமே என் மண்டையில் ஏறியிருந்தது. அவள் வீட்டுக்கு வந்த ஏப்ரல்கள் எல்லாம் அந்த ப்ரேக்தான் கொடுத்தது என்பதை நான் ஒரு தடவையாவது சேர்த்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மகள் வீட்டுக்கு வரக் கூடாது என்றே வேண்டியிருக்கிறேன்.

சீருடையைப் போட்டுக்கொண்டேன். வேணாம்மா, வந்துரு என்று சொல்வதாக முடிவு செய்தேன். மாரியிடமும் சொன்னேன். அவள் முகம் இறங்கியது போலவும் இருந்தது, லேசானது போலவும் இருந்தது.

போன் வந்தது. சுகன்யா இப்போது காலி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "ஒனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்குப் புரிய வேண்டும் என்கிற மாதிரி சொன்னாள்.

"பப்பா. இந்த மார்ச். எனக்கு. பயமா இல்ல."

அவ்வளவுதான். என் வாயிலிருந்து "போடு" என்று வந்துவிட்டது.

"அம்மா?"

"அம்மாவும் போடத்தான் சொல்லுதா."

மாரி பக்கத்தில்தான் நின்றாள். போனை என் கையிலிருந்து வாங்கினாள். மறுத்துச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே, "ஆமாட்டி. போடு. நல்லாப் படிச்சுப் பாத்துப் போடு. ஒங்கப்பா மாதிரி காட்டுன எடத்துலல்லாம் போட்டுராத" என்றாள். அந்தப் பக்கம் சுகன்யா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு யாரோ "டீச்சர் சுகி" என்று கூப்பிட, போய்விட்டாள்.

மாரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒங்களுக்குக் கெடைக்காதது அவளுக்குக் கெடைச்சிருச்சு. சந்தோசமா இருங்க" என்றாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். என்னை வீட்டுக்கு அனுப்பியபோதெல்லாம், என்றைக்காவது திரும்பக் கூப்பிடுவோம் என்று அந்த சூப்பர்வைசர் வாய் வார்த்தையாவது சொல்வார். இதில் மாரிக்குச் சொல்ல என்னிடம் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. "வாரேன்" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

6

மறுநாள் சுகன்யா கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். நான் சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் போய், ஏப்ரலில் மூன்று பேருமாகக் கோவில்பட்டி வர எடுத்திருந்த டிக்கெட்டைக் கொடுத்து, ஒருவருக்கு மட்டும் ரத்து செய்யக் கேட்டேன். ஜன்னலில் இருந்தவர் சரியாகக் காதில் விழாமல், "ஒருத்தருக்கா, மூணு பேருக்குமா?" என்று இந்தியில் திரும்பக் கேட்டார். மூன்று பேருக்கும் என்று சொல்லிவிட்டேன்.